தண்ணீர் போகும் வழியில் ஒரு சைக்கிள்

சைக்கிள் நமக்குப் புதிய வண்டி இல்லை. பால்காரரின் கேனை அது சுமக்கிறது. வயலுக்கு உர மூட்டையைக் கொண்டுபோகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். எழுத்தும் சைக்கிளும் அவர்களுக்குச் சேர்ந்தே வந்தன.

நாம் சைக்கிளை வேலைக்குத்தான் எடுக்கிறோம். ஊர் பார்க்க எடுப்பது குறைவு. அதுவும் மலையில், காட்டு வழியில் சைக்கிளா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் ஆபத்து. தெரிந்து போனால் அந்த ஒரு நாள் நமக்கு ஒரு பாடப் புத்தகம்.

வாருங்கள், ஒரு நாள் போய் வருவோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அங்கே புறப்படுவோம். மறையூர் வழியாகத் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள சின்னாறு வரை போவோம். தூரம் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

புறப்படும் முன்

முதலில் சைக்கிளைப் பார்ப்போம். மலைக்குப் போகும் சைக்கிளுக்கு பிரேக்தான் உயிர். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் நன்றாகப் பிடிக்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் புதிது மாற்றுங்கள். டயர் வழவழ என்று தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சக்கரத்தின் நட்டுகளை இறுக்குங்கள். மணி அடிக்கிறதா என்று பாருங்கள். இந்த வழியில் மணிக்கு ஒரு முக்கிய வேலை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பையில் என்ன வேண்டும்? காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு டியூப், ஸ்பேனர். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வெல்லம், வேர்க்கடலை, வாழைப்பழம். கொஞ்சம் உப்பு, சர்க்கரை. காயத்துக்குத் துணியும் மருந்தும். பையைக் கேரியரில் தாழ்வாகக் கட்டுங்கள். உயரமாகக் கட்டினால் வளைவில் சைக்கிள் சாயும்.

தனியாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பேராகப் போவோம். வழியில் பல இடங்களில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

அக்கா சொன்ன சொல்

காலை ஏழு மணி. மூணாறில் குளிர் விரலைக் கடிக்கிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று ஆறுகள் கூடும் இடம் என்பதால் மூணாறு என்று பெயர். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். இங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து மலை ஏறி வந்தவர்கள்.

சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்கார அக்கா நம் சைக்கிளைப் பார்க்கிறார்.

"இவ்வளவு காலையிலே எங்கே போறீங்க?"

"சின்னாறு வரைக்கும் அக்கா. சைக்கிளிலேயே."

"இப்போ ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க. மறையூர் தாண்டினா சட்டையே பாரமா இருக்கும். தண்ணி நிறைய எடுத்துக்குங்க. பொழுது சாயறதுக்குள்ளே காட்டை விட்டுப் போயிடுங்க."

ஒரே நாள், ஒரே சாலை. காலையில் ஸ்வெட்டர், மதியம் சட்டையே பாரம். அது எப்படி? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பெடலை மிதிப்போம்.

ஏற்றம்

கன்னிமலைத் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி சாலை ஏறுகிறது. கியர் சைக்கிள் வைத்திருப்பவர் செயினைப் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுகிறார். இப்போது கால் அதிக முறை சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் பலம் குறைவாகப் போதும். கிணற்றில் பெரிய வாளியால் ஒரு முறை இறைப்பதற்குப் பதில் சின்ன வாளியால் நான்கு முறை இறைப்பது போல. வேலை ஒன்றுதான். இடுப்பு வலிக்காது.

கியர் இல்லாத சைக்கிள் என்றால்? இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போக முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று பொருள்.

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். அடிக்கடி இரண்டு வாய் குடியுங்கள். மிகவும் களைப்பாக இருந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே கரைசல்தான்.

தண்ணீர் பிரியும் மேடு

வழியில் ராஜமலை வருகிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் போகும் வழி இது. 1978-ஆம் ஆண்டு இது தேசியப் பூங்கா ஆனது. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி இங்கேதான் இருக்கிறது. உயரம் 2,695 மீட்டர். செங்குத்தான பாறையில் ஏறி மேயும் வரையாடு இங்கே வாழ்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடுதான். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இங்கே உண்டு. 2006-இல் பூத்தது. 2018-இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030.

மலையை உற்றுப் பாருங்கள். மேலே புல்வெளி. இரண்டு மலைக்கு நடுவே பள்ளத்தில் மட்டும் அடர்ந்த குட்டைக் காடு. இதைச் சோலைக்காடு என்கிறோம். சோலையில் வெயில் தரையைத் தொடாது. உதிர்ந்த இலை மக்கி மெத்தை போலக் கிடக்கும். மழை பெய்தால் இந்த மெத்தை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். புல்வெளியும் அப்படியே. பிறகு சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். அதனால்தான் மழை நின்று பல மாதம் ஆன பிறகும் இங்கே ஓடை ஓடுகிறது. சோலையை வெட்டினால் மழைத் தண்ணீர் ஒரே நாளில் வெள்ளமாக ஓடிவிடும். அடுத்த மாதம் ஓடை காய்ந்துவிடும்.

இந்த மலையில் இன்னொரு விஷயம் உண்டு. மூணாறு பக்கம் விழும் மழை மேற்கே போகிறது. பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. மேட்டைத் தாண்டி மறையூர் பக்கம் விழும் மழை கிழக்கே திரும்புகிறது. பாம்பாறு ஆகிறது. பிறகு அமராவதி ஆகிறது. கரூர் பக்கம் காவிரியில் சேர்ந்து வங்கக்கடலுக்குப் போகிறது. கேரளத்தில் பிறந்து கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்று. கபினி, பவானி, பாம்பாறு. மேட்டைத் தாண்டியதும் நாமும் பாம்பாற்றின் பக்கம் வந்துவிட்டோம். இனி தண்ணீர் போகும் வழியில்தான் நம் சைக்கிளும் போகிறது.

லக்கம் அருவி வருகிறது. இரவிகுளத்துச் சோலையிலிருந்து இறங்கும் தண்ணீர் இது. முகம் கழுவுகிறோம். பற்களெல்லாம் கூசும் அளவுக்குக் குளிர்ச்சி. மழைக்காலமாக இருந்தால் காலைப் பாருங்கள். அட்டை ஏறியிருக்கும். பிய்த்து இழுக்காதீர்கள். கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும்.

இறக்கம்: கவனம் இங்கேதான்

ஏற்றம் காலைச் சோதிக்கும். இறக்கம் புத்தியைச் சோதிக்கும். மலையில் சைக்கிள் விபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான் நடக்கிறது.

மூணாறிலிருந்து சின்னாறு சேர்வதற்குள் நாம் சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வேகம் பிறக்கும். அந்த வேகத்தைக் கொஞ்சம் காற்று தடுக்கும். மீதியை பிரேக்தான் தடுக்க வேண்டும். பிரேக் பிடித்தால் வேகம் சூடாக மாறும். இறக்கம் முழுவதிலும் பிறக்கும் சூட்டை ஒன்றாகச் சேர்த்தால் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! அதில் காற்றுக்குப் போவது போக மீதிச் சூட்டை அந்தச் சின்ன பிரேக் கட்டைகளும் ரிம்மும் தாங்க வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் கட்டை சூடேறும். பிடி தளரும். டியூப் வெடிக்கவும் கூடும்.

அதனால் இந்த முறைகளைக் கடைப்பிடியுங்கள்.

ஒன்று: இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் சைக்கிள் தலைகுப்புறக் கவிழும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

இரண்டு: விட்டு விட்டுப் பிடியுங்கள். பிடித்து, விட்டு, மீண்டும் பிடியுங்கள். கட்டை ஆற நேரம் கிடைக்கும்.

மூன்று: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்தினால் சறுக்கும்.

நான்கு: இடது ஓரமாகவே போங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டும். நின்று வழி விடுங்கள்.

ஐந்து: ரிம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முன்னதாகவே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடையுங்கள்.

ஆறு: நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நில்லுங்கள். ரிம்மை வெறும் கையால் தொடாதீர்கள். சுடும். அது ஆறும் வரை மலையைப் பாருங்கள். அதற்குத்தானே வந்தோம்!

மறையூர்

நண்பகல். மறையூர் வந்துவிட்டோம். ஸ்வெட்டர் எப்போதோ பைக்குள் போய்விட்டது. இங்கே கரும்புத் தோட்டங்கள் இருக்கின்றன. ஆலைக் கொட்டகையில் கரும்புச் சாறு கொதிக்கிறது. வாசனை சாலை வரை வருகிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று சொல்லி விற்கக் கூடாது என்பது அதன் பொருள்.

ஊருக்கு வெளியே பாறை மேல் கல் அறைகள் நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே மூடி போல ஒரு கல். மக்கள் இவற்றை முனியறை என்கிறார்கள். பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை இவை. அவர்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. கல்லை மட்டும் விட்டுச் சென்றார்கள். அதன் மேல் பெயரைக் கிறுக்க வேண்டாம்.

சாலையோரம் கம்பி வேலி. வேலிக்குள் சந்தன மரங்கள். பார்த்தால் சாதாரண மரம்தான். வாசனை நடுக்கட்டையில் இருக்கிறது. சந்தனத்தின் வேர் பக்கத்து மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு அதிலிருந்தும் சத்து எடுக்கும். அதனால் சந்தன மரம் தனியாக நன்றாக வளராது. சுற்றிலும் காடு வேண்டும். விலை உயர்ந்த மரம் என்பதால் திருட்டும் உண்டு. வனத்துறை இரவும் பகலும் காவல் வைத்திருக்கிறது.

அக்கா சொன்னதன் பொருள்

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் இறங்குகிறோம். மறையூர் தாண்டியதும் காடு மாறுகிறது. ஈரம் இல்லை. அட்டை இல்லை. முள் மரமும் கள்ளியும் நிற்கின்றன. காற்று அடுப்பு வாசல் போல அடிக்கிறது. இதுதான் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். 1984-இல் இது சரணாலயம் ஆனது.

காலையில் பார்த்த ஈர மலை எங்கே, இந்தக் காய்ந்த காடு எங்கே! ஏன் இப்படி?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலை குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறுகிறது. உயரத்தில் குளிர் அதிகம். ஈரம் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் மிச்சம் இல்லை. இறங்க இறங்கக் காற்று சூடாகவும் ஆகிறது. இப்படி மலையின் மறைவில் மழை இல்லாமல் இருக்கும் நிலத்தை மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

இரவிகுளம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சின்னாற்றில் சுமார் 500 மில்லிமீட்டர். பெய்த மழை ஓடாமல் அப்படியே தேங்கி நின்றால், அங்கே வீட்டுக் கூரை உயரம் நிற்கும். இங்கே முழங்கால் அளவுதான் நிற்கும். அந்த முழங்கால் மழையும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான்.

பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் தூங்கிவிடுவோம். இந்த மாற்றம் கண்ணில் படாது. சைக்கிளில் நம் தோலே அதைப் படிக்கிறது.

சத்தம் இல்லாத வண்டி

சின்னாற்றில் யானை, காட்டுமாடு, கடமான், சிறுத்தை எல்லாம் உண்டு. சாம்பல் நிற மலை அணில் உண்டு. உலகில் அந்த அணில் வாழும் இடங்களே சில. நட்சத்திர ஆமையும் உண்டு.

சைக்கிளுக்கு எஞ்சின் சத்தம் இல்லை. அதனால் குயில் கூவுவது கேட்கும். அணில் கிளை தாவுவது கேட்கும். அது நமக்கு லாபம். ஆனால் அதுவே ஆபத்தும் ஆகும். நாம் வருவது யானைக்குத் தெரியாது. வளைவில் திடீரென்று அதன் முன் போய் நின்றால் அது மிரளும். மிரண்ட யானை தாக்கும். மணியின் வேலை இங்கேதான். வளைவுக்கு முன் மணி அடியுங்கள். பேசிக்கொண்டே போங்கள். ஆள் வருவது தெரிந்தால் யானை பெரும்பாலும் தானே விலகிப் போய்விடும்.

சாலையில் ஈரம் காயாத சாணம் கிடக்கிறதா? புதிதாக ஒடிந்த கிளை தெரிகிறதா? நில்லுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள்.

யானையைப் பார்த்துவிட்டால் மணி அடிக்காதீர்கள். கத்தாதீர்கள். போட்டோ எடுக்க நெருங்காதீர்கள். சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். எதிரே ஒரு பஸ்ஸோ லாரியோ வரும் வரை தூரத்தில் காத்திருங்கள். யானையோடு குட்டி இருந்தால் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். ஏற்றத்தில் சைக்கிளால் யானையை முந்த முடியாது.

அது கோபக்காரப் பிராணி இல்லை. அது தண்ணீருக்குப் போகிறது. சாலை அதன் வழிக்குக் குறுக்கே இருக்கிறது. அவ்வளவுதான்.

காட்டுச் சோதனைச் சாவடியில் நின்று கேட்டுவிட்டுப் போங்கள். இன்று சைக்கிள் போகலாமா, யானை எங்கே நிற்கிறது என்று அங்கே சொல்வார்கள். வேண்டாம் என்றால் வண்டியில் ஏறிவிடுங்கள். சாலையை விட்டுக் காட்டுக்குள் நுழையாதீர்கள். கோடையில் இந்தக் காடு காய்ந்த வைக்கோல் போல் இருக்கும். ஒரு பீடித் துண்டு போதும், மலையே எரியும்.

ஆற்றங்கரையில்

வழியில் தூரத்தில் தூவானம் அருவி தெரிகிறது. பாம்பாறுதான் அங்கே குதிக்கிறது. காலையில் லக்கத்தில் நாம் முகம் கழுவிய தண்ணீரும் அதில் இருக்கிறது.

மாலை மூன்று மணிக்குள் சின்னாறு பாலம் வந்துவிட்டோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. உடுமலைப்பேட்டைக்கு இன்னும் 30 கிலோமீட்டர் போல இருக்கிறது. அதில் ஒரு பகுதி காடு. முன்பே பேசி வைத்த வேனில் சைக்கிள்களை ஏற்றிவிடுகிறோம். அக்கா சொன்னது போல, பொழுது சாயும் முன் காட்டை விட்டுவிட வேண்டும்.

வேன் வரும் வரை ஆற்றைப் பார்க்கிறோம். இந்தக் கரையில் 500 மில்லிமீட்டர் மழைதான். ஆனாலும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. கரையில் பெரிய பெரிய மரங்கள் பச்சையாக நிற்கின்றன. யானையும் மானும் இதைத்தான் குடிக்கின்றன. இந்தத் தண்ணீர் இங்கே பெய்தது இல்லை. மேலே, குளிரில், சோலைக்காடு சேர்த்து வைத்துக் கொடுத்தது.

இந்த ஆறு கீழே அமராவதி அணையில் சேர்கிறது. அந்த அணை 1957-இல் கட்டி முடிந்தது. உடுமலை, தாராபுரம், கரூர் பக்கத்து வயல்கள் அந்தத் தண்ணீரில் விளைகின்றன. அங்கே மதகைத் திறக்கும் விவசாயி இரவிகுளத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அங்கே சோலை இருந்தால்தான் இவருக்கு நெல்.

ஒரு நாள் சைக்கிள் மிதித்தோம். கால் வலிக்கிறது. ஆனால் காடு இருந்தால் தண்ணீர் என்று இனி யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரோடு கூடவே நாம் இறங்கி வந்தோம்.

யோசித்துப் பேசுங்கள்

1. உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த ஆறோ ஓடையோ எங்கே பிறக்கிறது?

2. இறக்கத்தில் ஏன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்?

3. மலையின் ஒரு பக்கம் மழை அதிகம், மறு பக்கம் குறைவு. ஏன்?

4. உங்கள் ஊரிலிருந்து ஒரு நாளில் சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய இடம் எது? போகும் வழியை எழுதிப் பாருங்கள்.